பெண்பிள்ளையின் கால்பந்தும் நாம் கேட்க மறந்த கேள்விகளும்

சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த நேரம். பழக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்து ஸலாம் சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார். "ஹஜ்ரத், ஒரு விஷயம் கேக்கணும். நம்ம பிள்ளைய ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல சேத்திருக்காங்க. அரியலூர்ல மாவட்டப் போட்டியாம். ஜெயிச்சா வெளியூருக்கு ரெண்டு நாள் போகணுமாம். அனுப்பலாமா?"

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவர்களிடமிருந்து மூன்று பதில்கள் வந்துவிட்டன. ஒருவர், "ட்ரவுசர் போட்டுக்கிட்டு ஓடுறதா?" என்றார். இன்னொருவர், "எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்றார். மூன்றாமவர், "காலம் மாறிப்போச்சு, விடுங்க பாய்" என்றார். பிள்ளையை யார் அழைத்துச் செல்கிறார்கள், எங்கே தங்க வைப்பார்கள், உடன் யார் இருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஒரு வாரம் டைம் குடுங்கத்தா, சொல்றேன்" என்றேன். அவசரப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னிடம் மக்தபில் ஓதிய ஒரு சிறுமி ஓட்டப்பந்தயத்தில் கெட்டிக்காரி. அவளுடைய தாயார் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அந்தப் பெண் வளர்ந்து, மணமாகி, ஒருநாள் தன் வீட்டுக்காரரோடு என்னைப் பார்க்க வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க அன்னைக்கு ஏன்னு சொல்லவே இல்லையே ஹஜ்ரத்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் எதையும் விசாரிக்காமல்தான் 'வேண்டாம்' என்றிருந்தேன்.

இந்த முறை விசாரித்தேன். பெண்கள் கால்பந்து நம் நாட்டிலும், முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளிலும் எப்படி நடக்கிறது, யாரால் வளர்ந்தது, எங்கே கெட்டது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது ஃபத்வா அல்ல. முடிவெடுக்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவற்றின் தொகுப்பு.

2025 ஜூலையில் வந்த இரண்டு செய்திகள்

2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2–1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். இந்த வெற்றியால் 2026 இல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச்சுற்றில் ஆடி வென்று இந்த இடத்தைப் பிடித்தது இதுவே முதல் முறை. அந்த அணியில் நம் தமிழ்நாட்டின் பிரியதர்ஷினி செல்லத்துரையும் இருந்தார்.

அதே மாதம் 26 ஆம் தேதி மொராக்கோவின் ரபாத் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள் கோப்பையின் இறுதிப்போட்டி. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜீரியா இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்து, மொராக்கோவை 3–2 என்று வென்றது. அந்தக் கோப்பை நைஜீரியாவுக்கு இது பத்தாவது முறை. அதே போட்டியில், மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாக உள்ள செனகலும் மாலியும் காலிறுதி வரை வந்தன. செனகல் பெனால்டியில்தான் தோற்றது. 2022 போட்டியின் காலிறுதியிலும் அந்த அணி பெனால்டியில்தான் வெளியேறியது.

மேற்கு ஆப்பிரிக்காவை நான் இங்கே இழுத்து வரக் காரணம் இருக்கிறது. 'முஸ்லிம் குடும்பம் என்றால் பெண்பிள்ளை விளையாட்டு நடக்காது' என்று வெளியே இருப்பவர்கள் சொல்கிறார்கள். நம்மில் சிலரும் அதையே பெருமையாகச் சொல்கிறோம். ஐந்து வேளை பாங்கு கேட்கும் டக்கரிலும் பமாக்கோவிலும் பெண்களுக்கு தேசிய அணி இருக்கிறது. ஆகவே இரண்டு தரப்பும் சொல்வது சரியில்லை.

நான் படித்த பி.ஏ. வரலாற்றுப் பாடத்தில் இல்லாத ஒரு செய்தியையும் இந்தத் தேடலில் தெரிந்துகொண்டேன். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பெண்கள் ஆடிய ஒரு போட்டியைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் கீழ் உள்ள மைதானங்களில் பெண்கள் ஆடுவதை இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடை செய்தது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. பிரேசிலிலும் 1979 வரை இருந்தது. பெண்களைத் தடுத்த வரலாறு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளை எடுத்துச் சொல்லுங்கள்.

உடை: பாதி முடிந்த விவகாரம்

நம் வீடுகளில் முதலில் வருவது உடை பற்றிய கேள்வி. அது நியாயமான கேள்விதான். மறைக்க வேண்டியதை மறைப்பது மார்க்கக் கடமை. அதில் சமரசம் இல்லை. ஆனால் இந்த விவகாரத்தில் உலகம் எங்கே நிற்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

2011 ஜூன் 3 அன்று ஜோர்டானின் தலைநகர் அம்மானில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. ஈரான் பெண்கள் தலையை மறைத்த உடையோடு மைதானத்துக்கு வந்தார்கள். அந்த உடை விதிக்குப் புறம்பானது என்று சொல்லி அவர்களை ஆட அனுமதிக்கவில்லை. போட்டி எதிரணிக்குப் போனது. லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பும் போனது. கழுத்துக்கு ஆபத்து என்று காரணம் சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு ஃபிஃபாவின் துணைத் தலைவராக இருந்த ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுசைன் இந்தத் தடையை நீக்க முன்னின்று உழைத்தார். 2012 இல் சோதனை முறையில் தலைமறைப்புக்கு அனுமதி கிடைத்தது. 2014 மார்ச்சில் அது நிரந்தர விதியானது. தலைப்பாகை அணியும் சீக்கிய ஆண்களுக்கும் அதே விதி வழிவிட்டது. 2023 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தென்கொரியாவுக்கு எதிராக மொராக்கோவின் நுஹைலா பென்ஸீனா ஹிஜாபோடு களமிறங்கினார். பெண்கள் உலகக் கோப்பையில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் வீராங்கனை அவர். அந்தப் போட்டியில் மொராக்கோ 1–0 என்று வென்றது.

ஆக, முழுக்கை சட்டை, கால் முழுக்க மறைக்கும் உள்ளாடை, தலைமறைப்பு ஆகியவற்றோடு ஆடுவதற்கு உலக விதியில் தடை இல்லை. பிரான்ஸ் மட்டும் தன் நாட்டுப் போட்டிகளில் ஹிஜாபைத் தடுக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஜூனில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொன்னது. உரிமை பேசும் நாட்டின் நிலை அது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையிடம் பெற்றோர் நேரில் போய், "பிள்ளை முழுக்க மறைத்துத்தான் ஆடுவாள்" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நாம் போய்க் கேட்பதில்லை என்பதுதான் உண்மை.

உடை காக்காத இடம்

உடை சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்த இடத்தில்தான் ஆப்கானிஸ்தான் அணியின் கதையை ஒவ்வொரு தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016 மார்ச்சில் ஆப்கன் பெண்கள் அணிக்குத் தலைமுதல் கால்வரை மறைக்கும் புதிய சீருடை ஒன்று வெளியானது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் பாராட்டின. 2018 இன் இறுதியில் வேறொரு செய்தி வந்தது. அந்த அணியின் பெண்களிடம் கால்பந்து சம்மேளனத்தின் தலைவரே பாலியல் கொடுமை புரிந்ததாக வீராங்கனைகள் புகார் சொன்னார்கள். விசாரித்த ஃபிஃபா 2019 ஜூனில் அவரை ஆயுட்காலத்துக்கும் கால்பந்திலிருந்து விலக்கியது.

சீருடை அந்தப் பெண்களின் உடலை மறைத்தது. ஆனால் பூட்டிய அறைக்குள் அவர்களைக் காப்பாற்ற யாரும் இல்லை. புகார் சொல்ல ஓர் இடம் இல்லை. சொன்னால் குடும்பமும் ஊரும் தம்மையே பழிக்கும் என்ற பயம் வேறு.

நம் நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. 2022 இல் பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி ஐரோப்பாவில் பயிற்சிப் பயணத்தில் இருந்தபோது ஒரு சிறுமியிடம் தவறாக நடந்ததாக எழுந்த புகாரில் துணைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2024 மார்ச்சில் கோவாவில் போட்டிக்காகத் தங்கியிருந்த ஒரு கிளப்பின் இரண்டு வீராங்கனைகள், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகி ஒருவர் தங்களைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தார்கள். அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

நான் இவற்றைச் சொல்வது பிள்ளைகளை வீட்டில் பூட்டிவைக்க அல்ல. இப்படிப்பட்ட கொடுமை பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, டியூஷனில் நடக்கிறது, உறவினர் வீட்டில் நடக்கிறது. சொல்லக் கசந்தாலும், ஓதிக்கொடுக்கும் இடங்களிலும் நடந்திருக்கிறது. அதற்காக ஓதவும் படிக்கவும் அனுப்பாமல் இருக்கிறோமா? இல்லை. யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறோம். பார்க்கத் தவறிய இடத்தில் வருந்துகிறோம். விளையாட்டு விஷயத்தில் மட்டும் 'அனுப்பு' அல்லது 'அனுப்பாதே' என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அனுப்புவது என்று முடிவானால் எப்படி அனுப்புவது என்று பேச ஆள் இல்லை.

வென்றாலும் கையேந்த வேண்டிய நிலை

அடுத்தது பணமும் மரியாதையும். பத்துக் கோப்பை வென்ற நைஜீரியப் பெண்களைப் பாருங்கள். 2004 இல் தென்னாப்பிரிக்காவில் கோப்பையை வென்ற பிறகு, தருவதாகச் சொன்ன ஊக்கத்தொகை வராததால் அவர்கள் ஓட்டலைவிட்டு வெளியேற மறுத்தார்கள். 2016 இல் மீண்டும் வென்றார்கள், மீண்டும் பணம் வரவில்லை. அந்த டிசம்பரில் தலைநகர் அபுஜாவில் பதாகைகளோடு நாடாளுமன்றம் வரை நடந்து போனார்கள். 2019 உலகக் கோப்பையின்போது பிரான்சிலும் இதே கதை. 2025 வெற்றிக்குப் பிறகு அந்நாட்டு அதிபர் ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு லட்சம் டாலரும் ஒரு வீடும் அறிவித்தார். நல்ல விஷயம்தான். ஆனாலும் வென்ற பிறகு கிடைக்கும் பரிசு வேறு, மாதாமாதம் ஒழுங்காக வரும் கூலி வேறு. கூலியைத் தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதை யார் மீறினாலும் அநீதிதான்.

இந்தியப் பெண்கள் அணிக்கும் அக்கறைக்குறைவால் அடி விழுந்ததுண்டு. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. அணிக்குள் கொரோனா பரவி, ஆட பதின்மூன்று பேர்கூட தேறவில்லை. சீனத் தைபேயுடனான போட்டி கைவிடப்பட்டு, இந்தியா போட்டித் தொடரிலிருந்தே விலகியதாகக் கணக்கிடப்பட்டது. வருடக்கணக்கில் உழைத்த பெண்கள் விடுதி அறையில் அடைபட்டபடி அந்தச் செய்தியைக் கேட்டார்கள்.

இத்தனைக்கும் நம் பெண்கள் அணி புதிதல்ல. 1980 இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983 இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அதற்குப் பிறகு கவனிப்பார் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடிப்போயின. திறமை குறைந்துவிடவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் கைகள்தான் குறைந்தன.

கடலூரிலும் மதுரையிலும் தாங்கிய கைகள்

இந்தக் கைகள் என்ன செய்ய முடியும் என்பதைப் பார்க்க ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. நம் பக்கத்து மாவட்டமான கடலூர் போதும்.

2004 சுனாமி கடலூர் கடற்கரையைப் புரட்டிப்போட்டது. பெற்றோரை இழந்த, வறுமையில் வாடிய சிறுமிகள் அரசு இல்லங்களிலும் விடுதிகளிலும் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் மாரியப்பன் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். சாப்பாடு, படிப்பு, தங்குமிடம், பந்து என்று எல்லாம் ஒன்றாகக் கிடைத்தன. கடலூர் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ், சந்தியா ரங்கநாதன் என்று ஒருவர்பின் ஒருவராக இந்திய அணிக்குப் போனார்கள். அரசு விடுதியில் வளர்ந்தவர் சந்தியா. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கின்போது சீருடையோடு சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்து இறுதிப்போட்டியில் தமிழ்நாடு, பல ஆண்டுகளாக அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை 2–1 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையை எடுத்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என்று வென்று மறுபடியும் எடுத்தது.

இன்னொரு செய்தி நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப்போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று பட்டம் பெற்றது மதுரையின் சேது எஃப்.சி. அந்தக் கிளப்பை நடத்தியவர் சீனி முகைதீன். ஒரு தமிழ் முஸ்லிமின் முயற்சியில் உருவான அணியில் எல்லாச் சமுதாயப் பெண்களும் ஆடி நாட்டின் பட்டத்தை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரி கட்டுகிறோம், மண்டபம் கட்டுகிறோம். இப்படியும் ஒரு பணி இருக்கிறது என்று அவர் காட்டியிருக்கிறார்.

மகாராஷ்டிராவின் மும்ப்ரா, முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் நகரம். அங்கே 2012 முதல் பர்ச்சம் என்ற அமைப்பு முஸ்லிம் பெண்பிள்ளைகளையும் மற்றச் சமுதாயப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்துக் கால்பந்து ஆட வைக்கிறது. பெண்கள் ஆட மைதானத்தில் இடம் கேட்டு அந்தப் பிள்ளைகளே கையெழுத்து திரட்டினார்கள். தங்களுக்கென்று ஓர் இடமும் நேரமும் வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. பெண்களுக்கென்று தனி இடமும் நேரமும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் விரும்புகிற ஏற்பாடுதானே?

நைஜீரியாவின் அஸிஸாத் ஓஷோலா லாகோஸ் அருகே இகொரொடு ஊரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடுகிறாளே என்று பெற்றோர் எதிர்த்தார்கள். பாட்டிதான் துணை நின்றார். பின்னாளில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனையாக ஆறு முறை தேர்வானார். பார்சிலோனா அணியில் ஆடினார். இன்று லாகோஸில் சிறுமிகளுக்கு அகாடமி நடத்துகிறார். அவருடைய ஆடுகள உடையை நான் நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அந்தப் பெற்றோரின் கவலையையும் நான் குறை சொல்லவில்லை. படிப்பா, பந்தா என்று பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அவளைத் தள்ளாமல், இரண்டையும் ஒருங்கே நடத்தும் ஏற்பாடு அந்த ஊரில் இல்லை. கடலூர் விடுதியில் அது இருந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததும், முதலில் ஆயிஷா நாயகி முந்தியதும், பிறகொரு நாள் நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது பதில் என்று சொல்லிச் சிரித்ததும் நாம் பயானில் அடிக்கடி சொல்லும் செய்திதான். மக்களை முன்னே போகச் சொல்லிவிட்டுத்தான் நபியவர்கள் அந்தப் பந்தயத்தை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் ஓடினாள் என்பதும் அந்தச் செய்தியில் இருக்கிறது. அவளுக்கான மறைப்பும் கண்ணியமும் பேணப்பட்டன என்பதும் அதில் இருக்கிறது. ஒரு பாதியை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையாகாது.

உடலுக்கு நன்மை தரும் விளையாட்டு அடிப்படையில் ஆகுமானதே. அவ்ரத்தை மறைத்தல், ஃபர்ளான தொழுகை தவறாமை, ஆண் பெண் கலப்பில் எல்லை மீறாமை, பந்தயப் பணம் இல்லாமை, பயணத்தில் பாதுகாப்பு ஆகிய நிபந்தனைகளை உலமாக்கள் சொல்கிறார்கள். பயண தூரம், மஹ்ரம் ஆகியவை பற்றி ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் விரிவான விளக்கம் உண்டு. ஆண்கள் பார்க்க ஆடுவது குறித்தும் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. பருவமடைந்த பிள்ளை என்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் ஆலிமிடம் கேட்கும் முன் விவரங்களைச் சேகரித்துக்கொண்டு போங்கள். விவரம் இல்லாத கேள்விக்கு விவரம் இல்லாத பதில்தான் கிடைக்கும். முன்பு நானே அப்படித்தான் பதில் சொன்னேன்.

அந்தத் தகப்பனாருக்குச் சொன்னது

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரரை உட்கார வைத்துப் பேசினேன். 'அனுப்புங்கள்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டு வரச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று, பிள்ளைகளோடு போவது பெண் ஆசிரியையா? அவர் இரவும் அவர்களுடனே தங்குவாரா?

இரண்டு, தங்குமிடம் எது? பெண்களுக்குத் தனிக் கட்டடமா, தாழ்ப்பாள் உள்ள அறையா, கழிப்பறை எங்கே?

மூன்று, பெற்றோரில் ஒருவர் உடன் வரலாமா? வரக்கூடாது என்றால் ஏன்?

நான்கு, முழுக்க மறைக்கும் உடையோடு ஆட அனுமதி உண்டா? தொழுகைக்கு நேரமும் இடமும் உண்டா?

ஐந்து, பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா?

ஐந்தாவது கேள்வியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. "இதையெல்லாம் பிள்ளைகிட்ட எப்புடி பேசுறது ஹஜ்ரத்?" என்றார். "நீங்க பேசலைன்னா பிள்ளையோட அம்மாவ பேச சொல்லுங்க. ஆனா பேசாம விடாதீங்க" என்றேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காக்க 2012 இல் வந்த போக்ஸோ சட்டம் இருக்கிறது. புகார் சொன்ன பிள்ளையை 'மானம் போச்சு' என்று அடக்குவது பாவம் என்று நாம் மிம்பரில் நின்று சொல்ல வேண்டும்.

அவர் போய்க் கேட்டு வந்தார். உடற்கல்வி ஆசிரியை பெண். அவர் கோபப்படவில்லை. "இப்புடி வந்து கேக்குற அப்பா நீங்கதான் சார் மொதல்ல" என்றாராம். முழுக்கை சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொள்ளலாம், ஸ்கார்ஃப் ஊசி குத்தாமல் இறுக்கமாக இருந்தால் போதும் என்றார். மாவட்டப் போட்டி நாளில் அவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பிள்ளையின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அரியலூர் போனார்.

பிள்ளையின் அணி முதல் போட்டியிலேயே மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றுவிட்டது. இரண்டு நாள் வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே எழவில்லை. மாலை பஸ்ஸில் ஏலாக்குறிச்சி வரும்போது பிள்ளை அழுதுகொண்டே வந்ததாகவும், பிறகு தூங்கிவிட்டதாகவும் அவர் சொன்னார். "அடுத்த வருசம் போவேன்னு சொல்லுது ஹஜ்ரத்" என்றார். அடுத்த வருடம் அவள் ஒன்பதாம் வகுப்பு. அப்போது கேள்விகளும் கூடும். அந்த ஐந்து கேள்விகளையும் மறுபடி கேட்போம், தேவையானால் புதிதாகச் சேர்ப்போம்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

தனியொரு தகப்பனால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. அவர் இரண்டு நாள் கடையை மூடினால் வருமானம் போகும். ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்குச் சில வேண்டுகோள்கள்.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு நேரமும் பெண் உடற்கல்வி ஆசிரியையும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆண்பிள்ளைகள் மாலை முழுதும் கொள்ளிட மணலில் ஆடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவது பெரிய செலவில்லை.

வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பிள்ளை தேர்வானால், உடன் செல்லும் தாயின் பயணச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

அரசுத் தரப்பில் உள்ளவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் விளையாட்டு அலுவலர் இருக்கிறார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பெண்களுக்கான விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணியில் மூன்று சதவீத ஒதுக்கீடு உண்டு. நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிப்பது குறைவாக இருந்தால், விவரம் போய்ச் சேரவில்லை என்பதும் ஒரு காரணம்.

விளையாட விரும்பாத பிள்ளையைத் தள்ளவும் வேண்டாம். மார்க்க வரம்பைக் கருதி அனுப்ப வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அவர்களைப் பிற்போக்கு என்று ஏசவும் வேண்டாம். ஆனால் எந்த முடிவாக இருந்தாலும் அதற்கான காரணத்தைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் அடங்கிய பிள்ளை பல வருடம் கழித்தும் அதை மனதில் வைத்திருக்கும்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பேணுவது என்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது மட்டும் அல்ல. அது எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது, பத்திரமாகத் திரும்பி வருகிறதா என்று விசாரித்துக்கொண்டே இருப்பதும் பேணுவதுதான். அந்த விசாரிப்பை நம் வீடுகளில் வழக்கமாக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. நம் பெண்மக்களை உடல் வலுவும் ஈமானிய வலுவும் உள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.